ஒரிஜினல் பட்டை

அந்த மெஷின் மூடி நட்டுக்குப் பத்தொன்பது நம்பர் ஸ்பானர்தான் போட வேண்டும், சார். உங்கள் ஆள் கட்டிங் பிளேயரை வைத்துத் திருகுகிறார், முனை மழுங்கிவிடும். ஸ்பானரை நானே கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே என்ன இல்லை என்பதை நான் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமலே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் ஆத்மநாதன். மணமேல்குடி ரோட்டில் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அது பிழைப்பு. மனசுக்குப் பிடித்தது கையில் பிடித்து மரம் அறுக்கும் பழைய சங்கிலி மெஷின்களைப் புதுப்பிக்கிற வேலை. கஜா புயலில் இந்தப் பக்கம் தென்னை, பலா எல்லாம் சாய்ந்து கிடந்தபோது எங்கெங்கிருந்தோ ஆட்கள் மெஷினோடு வந்தார்கள். ஓடாத மெஷின்களை இங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று எனக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. மேற்கு ஜெர்மனியில் செய்தது. அந்தப் பெயரில் இப்போது நாடே கிடையாது, மெஷின் இருக்கிறது.

அதை முழுசாகப் பிரித்துப் போட்டுப் புதுப்பித்தேன். துரு தின்ற எந்தச் சாமானுக்கும் டூப்ளிகேட் சாமான் போட்டு ஒப்பேற்றவில்லை. சைலன்சரில் இருக்கிற ஒரே ஒரு போல்ட்டுக்காக, கத்தாரில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துத் தோழனை ஊரெல்லாம் அலைய விட்டேன். தலையில் அதே குறி இருக்கிற போல்ட்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தேடி அனுப்பினான்.

கடைசியில் கிடைக்காமல் போனது பிரேக் பட்டை மட்டும்தான். மரம் அறுக்கும்போது சில சமயம் மெஷின் ஆளைப் பார்த்துத் துள்ளும். அப்போது கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற காப்புத் தகடு, கையில் இடித்து முன்பக்கம் சாயும். சாய்ந்தவுடன் உள்ளே ஒரு ஸ்டீல் பட்டை சுற்றுகிற டிரம்மை இறுக்கிப் பிடிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் சங்கிலி நின்றுவிடும். டூப்ளிகேட் பட்டை வரவழைத்துப் பார்த்தேன். நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அகலம் அரை நூல் குறைவு. மூடியைப் போட்டால் வெளியே தெரியாது என்பீர்கள். எனக்குத் தெரியுமே, சார்.

இல்லை, என் மெஷினை வைத்து நான் மரம் அறுப்பதில்லை. கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

அதே மாடல் இந்த வட்டாரத்தில் இன்னொருவனிடம்தான் இருந்தது. பெரியண்ணன். மரம் வெட்டுகிறவன். என்னைவிடச் சின்னவன், நல்ல பையன். கடைக்கு வரும்போதெல்லாம் வெட்டுகிற தோப்பிலிருந்து இளநீரோ பலாப்பழமோ கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் உட்காருவான். ஒருநாள் கேட்டேன்.

“பெரியண்ணா, அந்த மெஷின எனக்குக் குடுத்துரு. புதுசு ஒண்ணு வாங்கித் தாரேன்.”

“வேற என்ன வேணாலும் கேளுங்கண்ணே. புயலுக்கு அப்புறம் எங்க வீட்டுல ஒல கொதிச்சது இதாலதான். ரிப்பேருக்குன்னா ஒங்ககிட்டத்தான் தருவேன். வெலைக்குத் தரமாட்டேன்.”

நியாயமான பதில். எனக்குக் கோபம் வரவில்லை. காத்திருந்தேன்.

போன மாசம் சங்கிலிக்குச் சாணை பிடிக்க மெஷினைக் கொண்டுவந்து விட்டுப் போனான். சாணை பிடித்தேன். பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். கடைசியாக மூடியைத் திறந்தேன். பட்டை இருந்தது. அவ்வளவு வேலை பார்த்த மெஷினில் அது அப்படித் தேயாமல் இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. கழற்றி எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிங்கையும் காப்பையும் இருந்தபடியே மாட்டினேன். காப்பைத் தள்ளினால் பழையபடி ‘டக்’கென்று சத்தம் கேட்டது.

மெஷினைத் திருப்பி எடுக்க வந்த பெரியண்ணன் கேட்டான். “பிரேக்கு நல்லாருக்காண்ணே? போன வாரம் ஒரு தடவ மொகத்துக்கு நேரா துள்ளிருச்சு. டக்குனு நின்னதால தப்பிச்சேன்.”

“நீயே தள்ளிப் பாரு.”

தள்ளிப் பார்த்தான். டக்.

“நீங்க கை வச்சா வச்சதுதாண்ணே” என்று சிரித்துவிட்டு வண்டியில் கட்டிக்கொண்டு போனான். நல்லாருக்கு என்று நான் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பொய் பேசுகிறவன் இல்லை.

டூப்ளிகேட் பட்டைதான் கையில் இருந்ததே, அதையாவது அவன் மெஷினில் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன், சார். மூடிவரைக்கும் கொண்டுபோனேன். ஆனால் அது நல்ல மெஷின். ஒரு சாமான்கூட மாறாதது. அதற்குள் தப்பான ஒன்றை வைக்க எனக்குக் கை வரவில்லை.

சில நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கட்டுமாவடியில் ஒரு வீட்டுக் கொல்லையில், சாய்த்துப்போட்ட வாகை மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்திருக்கிறான். மெஷினின் நுனி ஒரு கிளையில் முட்டியிருக்கிறது. துள்ளி, கழுத்தில் பட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை.

துக்கத்துக்குப் போனேன். மாலை வாங்கிக்கொண்டுதான் போனேன். அவன் சம்சாரம் திலகவதி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“அண்ணே, ஒங்களத் தவிர யாரையும் அந்த மெஷினத் தொட விடமாட்டாக. போலீசு எடுத்துட்டுப் போயிருக்கு. திருப்பிக் குடுத்தா நீங்களே வச்சுக்கங்க. என் கண்ணுல அது படக்கூடாது.”

“சரிம்மா” என்றேன். மற்ற சாமான்களும் வீணாகாமல் இருக்கும் என்று ஒரு நிம்மதி வந்தது.

அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள். “போன தடவ துள்ளுனப்ப நின்னுச்சுன்னு சொன்னாகளே. இப்ப ஏண்ணே நிக்கல?”

“மெஷினத் தெறந்து பாத்தாத்தாம்மா தெரியும்.”

உண்மையைத்தான் சொன்னேன். அவள் நேராக உங்களிடம் வந்து, திறந்து பார்க்கச் சொல்லி மனு கொடுப்பாள் என்று நினைக்கவில்லை. அதுவும் கட்டிங் பிளேயரால் திறப்பீர்கள் என்று நினைக்கவேயில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். பட்டையைக் கழற்றியவன் நான். கழற்றியதைச் சொல்லாமல் மெஷினைக் கொடுத்தவனும் நான். பட்டை என் அலமாரி மெஷினில் இருக்கிறது. எடுக்கும்போது தயவுசெய்து என்னைக் கூட்டிப்போங்கள். ஆனால் பெரியண்ணனுக்கு ஒரு கெடுதல் வரும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. பழகிய கை. பிரேக் இல்லாமலே எத்தனையோ பேர் காலமெல்லாம் மரம் அறுத்திருக்கிறார்கள். இதை விபத்து என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

சிவபிரகாஷா? ஆமாம், சார், என் மச்சினன்தான். என் பெண்டாட்டியின் தம்பி. பெரியண்ணனோடு ஜோடியாக வேலைக்குப் போகிறவன். ஆள் மாற்றி ஆள் அந்த மெஷினைப் பிடிப்பார்கள். அவன் உங்களிடம் சொன்னது சரிதான். மெஷின் என் கடையிலிருந்து போன நாள் முதல் நான் அவனை வேலைக்கு விடவில்லை. கடைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவன் கோபித்துக்கொண்டான், அப்படியும் விடவில்லை.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவனுக்கு ஏதாவது ஒன்று ஆகியிருந்தால், என் பெண்டாட்டி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?