முப்பது லட்சம் இலக்க எண்

சிவசங்கரன்: பிரிஜெட், ஆஃப் பண்ணிடாதீங்க... ஒரு நிமிஷம்ங்க.

பிரிஜெட்: இந்த ஆபீஸ்ல எனக்கு இன்னிக்குக் கடைசி நாள், சிவசங்கரன். கம்ப்யூட்டரை ஒப்படைக்கணும். அதை வாங்கிக்க மதலைமுத்து ரெண்டு வாட்டி எட்டிப் பாத்துட்டார்.

சிவசங்கரன்: தொண்ணூத்தேழு பெர்சென்ட் வந்திருச்சுங்க.

பிரிஜெட்: நாலு மாசமா என் மெஷின்ல இதான் கதை. இன்னிக்காவது சொல்லுங்க. அப்படி என்ன நம்பர் அது?

சிவசங்கரன்: ரெண்டை ரெண்டால பெருக்கிட்டே போகணும். ஒரு கோடிச் சொச்சம் தடவை. கடைசில ஒண்ணைக் கழிச்சா வர்ற நம்பர். முப்பது லட்சம் இலக்கம்ங்க.

பிரிஜெட்: எழுதினா?

சிவசங்கரன்: இங்க வைட்ஃபீல்டுல ஆரம்பிச்சா உங்க வீடு இருக்கற ஜோகுபாளையம் வரைக்கும் போகும்.

பிரிஜெட்: நம்ம ஆபீஸ் பஸ்ஸே அவ்ளோ தூரம் ஒழுங்கா போறதில்ல.

சிவசங்கரன்: அது பகா எண்ணான்னு பாக்கறேன். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடக் கூடாது.

பிரிஜெட்: வகுபட்டா? எதாலன்னு சொல்லுமா?

சிவசங்கரன்: சொல்லாதுங்க. பகா எண் இல்லைன்னு மட்டும்தான் சொல்லும்.

பிரிஜெட்: நம்ம மேனேஜர் மாதிரி. தப்பும்பார், எங்கேன்னு சொல்ல மாட்டார்... சொல்ப... கொஞ்சம் தள்ளுங்க, பவர் பட்டன்—

சிவசங்கரன்: இருங்க, இருங்க. ஃப்ளாப்பில காப்பி எடுத்துத் தர்றேன். புது ஆபீஸ்ல போட்டுக்கங்க. நான் வந்து பாத்துக்கறேன்.

பிரிஜெட்: கோரமங்களாவுக்கா?

சிவசங்கரன்: ரெண்டு பஸ்தானுங்க.

பிரிஜெட்: வேணாம்... மவுஸைத் தொடாதீங்கன்றேன்.

சிவசங்கரன்: ஏனுங்க?

பிரிஜெட்: காப்பி எடுக்க அதுல ஒண்ணும் இல்ல.

சிவசங்கரன்: ஓடிட்டிருக்குதே. பாருங்க, தொண்ணூத்தேழு...

பிரிஜெட்: அது நான் எழுதின புரோகிராம். அப்பப்போ ஒரு பெர்சென்ட் ஏத்திக் காட்டும், அவ்ளோதான் அதோட வேலை. உங்களோடதை செப்டம்பர்லயே, மேரியம்மா ஃபீஸ்டுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். மெஷின் நகரவே இல்ல... மேனேஜர் கத்தினார்.

சிவசங்கரன்: என்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க.

பிரிஜெட்: சொல்லிட்டா? காலைல ஒரு வாட்டி, சாயந்திரம் ஒரு வாட்டி "எத்தனைங்க ஆச்சு"ன்னு இங்க யார் வந்து நிப்பாங்க? என்ன, கோவமா? திங்கள்கிழமை நான் இருக்க மாட்டேன். திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க.

சிவசங்கரன்: திட்டலைங்க...

பிரிஜெட்: அப்புறம் ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? பகா எண்ணா இருந்தா உங்க பேர் பேப்பர்ல வந்திருக்கும். நான் கெடுத்துட்டேன். அதானே?

சிவசங்கரன்: வந்திருக்காதுங்க. அதே நம்பரை என் மெஷின்லயும் ஓட்டினேன். தசராவுக்கே முடிஞ்சிருச்சு. பகா எண் இல்ல... அப்புறமும் தினம் ரெண்டு வாட்டி வந்துட்டுத்தானுங்க இருந்தேன்.