முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் அப்பா

ஓர் அறையை விட்டு வரும்போது விளக்கை அணைக்காமல் நான் வந்ததே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி உள்ளே குளிக்கும்போதே இரண்டு முறை அணைத்திருக்கிறேன். அவள் திட்டியது நாலு வீட்டுக்குக் கேட்டது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேடம், நீங்கள் விசாரிக்க வந்த விஷயம் ஒரு சுவிட்சில்தான் தொடங்கியது. கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நான் உதவியாளர். இருபத்தாறு வருடம். தாள் கொடுப்பேன், மணி அடிப்பேன், தாளைப் பிடுங்குவேன். 'ஒரு நிமிஷம் சார்' என்று கெஞ்சியவர்களில் மூன்று பேர் இன்று இங்கேயே பேராசிரியர்கள். அந்த ஒரு நிமிஷத்தை அவர்களுக்கும் நான் கொடுத்ததில்லை. என் அப்பா குவாரியில் கல் தூக்கியவர். வெடி வைக்குமுன் சங்கு ஊதும். ஊதினால் தூக்கிய கல்லை அங்கேயே போட்டுவிட்டு ஓட வேண்டும். ஒரு நிமிஷம் கேட்ட ஆள் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு கையில் இரண்டு விரல்தான் மிச்சம். நேரம் என்றால் நேரம். அவ்வளவுதான்.

போன வருடம் நேர்மைத் தேர்வு முறை வந்தது. பிள்ளைகள் ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதுகிறார்கள் என்று பேராசிரியர்கள் புலம்பிக்கொண்டிருந்த நேரம். புது முறை சுலபமானது. சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவரும் கணினி அறையில் உட்கார்ந்து, இணையம் இல்லாமல், 'என் வீட்டில் ஒரு நாள்' என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு மாதிரிப் பக்கம் என்று பெயர். வாக்கியம் எத்தனை நீளம், எந்தச் சொல் அடிக்கடி வருகிறது, எங்கே தப்பு விழுகிறது, எல்லாவற்றையும் இயந்திரம் படித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் பட்டம் வாங்கும்வரை அவர் எழுதுவதையெல்லாம் அந்தப் பக்கத்தோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் அவர் எழுதியது. போகாவிட்டால் விசாரணை. மாதிரிப் பக்கம் ஒரே முறைதான் வாங்கலாம். திரும்ப வாங்கினால் தில்லுமுல்லுக்கு இடம் வருமாம்.

நான்கு கணினி அறைகள், ஒரே மெயின் சுவிட்ச். கண்காணிப்பு என்னுடையது. மணி அடித்தேன். எல்லோரும் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினார்கள். நான் மெயினை அணைத்தேன். அழுத்திய பிறகு பச்சைக் குறி வரும்வரை ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டுமாம். அதைச் சொன்ன பயிற்சி வகுப்பில் என்னை டீ வாங்க அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை திறந்து பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு வெற்றுப் பக்கங்கள்.

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தேன். மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். பக்கங்களை இயந்திரத்தில் ஏற்றி முடிக்கப் பதினோரு வேலை நாள் கொடுத்திருந்தார்கள். ஏற்றுவதற்கான கடவுச்சொல் என்னிடம் இருந்தது. உட்கார்ந்து தட்டினேன்.

ஏ.ஐ.யிடம் கேட்டிருந்தால் அரை மணி நேர வேலை. நான் கேட்கவில்லை. நேர்மைக்காக வந்த முறையில் அப்படிச் செய்வது முறையல்ல. ஒரு நாளைக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது பக்கம், ஒவ்வொரு சொல்லும் என் சொந்த உழைப்பு. எழுதுகிறவர்களுக்குத் தாள் கொடுத்தே தேய்ந்த கை இது. இருபத்தாறு வருடத்தில் என்னிடம் ஒரு பக்கம் எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நன்றாகத்தான் வந்தது.

ஒரே ஒரு சிரமம். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு வேண்டும், ஓர் அப்பா வேண்டும். எனக்குத் தெரிந்த அப்பா ஒருவர்தான். ஆகவே அவரையே கொடுத்தேன். ஒருவனுக்குக் கல் தூக்கினார், இன்னொருத்திக்குச் செங்கல், வேறொருவனுக்கு மணல் மூட்டை. சாயங்காலம் வந்து, தலைத்துண்டை உதறிவிட்டு, "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வருமுன் தூங்கிப்போனார். கண் மருத்துவர் மகனுக்கும் அவர்தான் அப்பா. பத்தி முடிகிற இடத்தில் 'அவ்வளவுதான்' என்று போட்டேன். அப்பா பேச்சை அப்படித்தான் முடிப்பார்.

சமூகவியல் பேராசிரியர் ஒருவர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். உழைப்பாளர் பிள்ளைகளுக்குக் கதவு திறந்த பல்கலைக்கழகம் என்று துணைவேந்தர் மேடையில் சொன்னார். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நின்று நானும் தட்டினேன்.

முதல் பருவத் தேர்வு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மாட்டினார்கள். எவர் எழுதியதும் அவருடையது இல்லை என்றது இயந்திரம். அங்கே யாருக்காவது சந்தேகம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பழைய முறையில் வருடத்துக்கு ஒன்பது பேரைத்தான் பிடித்தார்களாம். புது முறை எப்படி வேலை செய்கிறது பார்த்தீர்களா என்று பேராசிரியர்கள் மகிழ்ந்தார்கள். நிஜமாகவே ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதியவர்கள் மட்டும், நம்மைப் போலவே ஊரே செய்திருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார்கள்.

கண் மருத்துவர் மகன் என்னிடம் வந்து அழுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மறுதேர்வில் தொண்ணூற்றொரு சதவீதம் ஒத்துப்போனது. செய்தி பரவியது. தேர்வுக் கட்டுப்பாட்டாளர் என்னைக் கூப்பிட்டு, இதையே ஒரு வகுப்பாக எடுக்கச் சொன்னார். 'சுயநடை மீட்புப் பயிற்சி' என்று அவரே பெயர் வைத்தார். கரும்பலகையில் மூன்று விதி எழுதிப் போட்டேன். வாக்கியம் பத்துச் சொல்லைத் தாண்டக் கூடாது. எங்கேயாவது ஓர் அப்பா வர வேண்டும். முடிவில் அவ்வளவுதான். வேதியியல் மாணவன் ஒருவன் அமிலத்தைப் பற்றி எழுதிவிட்டு, 'இதை என் அப்பா தொட்டதில்லை. அவ்வளவுதான்' என்று முடித்திருந்தான். தொண்ணூற்று நான்கு.

முந்நூற்றுப் பதினொரு பேர் தேறினார்கள். ஒருத்தி மட்டும் வகுப்புக்கு வரவில்லை.

தையல்காரர் மகள். நன்றாக எழுதக்கூடியவள், அதை நான் மறுக்கவில்லை. ஒரு வாக்கியத்தை எடுத்தால் பக்கத்தின் அடிவரை கொண்டுபோவாள். வராந்தாவில் நிறுத்தி நானே பேசினேன்.

"குட்டை குட்டையா எழுதும்மா. ஊரோட ஒத்துப் போ."

"எனக்கு மூச்சு நீளம், அண்ணா. நான் என்ன செய்யட்டும்?"

"முதல் வாரம் எழுதினியே, அது மாதிரி எழுது."

"முதல் வாரம் நான் எங்கப்பா தையல் மெஷினைப் பத்தி எழுதினேன். இப்ப எடுத்துப் பாத்தா கல்லு தூக்குறார். கல்லு தூக்கின கையில ஊசி நிக்குமா? நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்விதான். மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

விசாரணைக் குழு கூடியது. மூன்று பேராசிரியர்கள். அவள் அப்பாவும் வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா. அவசரத்தில் எடுக்க மறந்திருப்பார். மாதிரிப் பக்கத்தைத் தலைவர் உரக்கப் படித்தார். இது தன் அப்பா இல்லை என்றாள் அவள். கல்லே தூக்கியதில்லை என்று அவரும் சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கல்லு தூக்குறது கேவலமாம்மா? படிக்க வந்ததும் பெத்த அப்பனையே மாத்திடுவியா?"

பிறகு என் பக்கம் திரும்பி, அன்று இந்தப் பெண் உட்கார்ந்து எழுதியதை நான் கண்ணால் பார்த்தேனா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அது பொய் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வேகமாக எழுதினாள். அந்தக் கணத்தில் எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. வெயிலில் முதுகு வெடிக்க உழைத்த மனுஷர் என் அப்பா. எல்லோர் முன்னிலையிலும் அவரை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

பெயரை நீக்கினார்கள். தையல்காரர் நாடாவைக் கழற்றி, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகளை அழைத்துப் போனார். கதவை நான்தான் திறந்துவிட்டேன். அவர்கள் போனதும் விளக்கை அணைத்தேன்.

இப்போது அவள் அப்பா கடையில் பட்டன் தைக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். தோழிகள் நான்கு பேரிடம் மாதிரிப் பக்கங்களைக் கேட்டு வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து, துணி வெட்டுகிற மேசையில் பரப்பியிருக்கிறாள். ஐந்து வீட்டிலும் ஒரே அப்பா, ஒரே துண்டு, ஒரே கேள்வி. உங்களுக்கு மனு போட்டாள். இரண்டு பக்க மனு, ஒரே வாக்கியம். நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் எழுதியவன் நான். அந்தப் பெண் திருடவில்லை. அங்கே தன் எழுத்தை எழுதியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களை என்னைப் போல் எழுத வைத்ததும் நான்தான். அவ்வளவுதான்.

இதுவரை உள்ளதை நேற்று உங்கள் அறையில் தட்டச்சு செய்து ஏற்றினேன். இங்கே எதை ஏற்றினாலும் இயந்திரம் பார்க்கும், வாக்குமூலத்துக்கும் விலக்கு கிடையாது. அது சொன்னதை நீங்களும் படித்தீர்கள். 'இவருக்கு மாதிரிப் பக்கம் இல்லை. இந்த நடை முந்நூற்றுப் பன்னிரண்டு மாணவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. ஒப்புமை தொண்ணூற்றேழு சதவீதம். ஏற்க இயலாது.' நீங்கள் வெள்ளைத் தாள்களை என் பக்கம் தள்ளினீர்கள்.

"கையால எழுதி, அடியில ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்," என்றீர்கள். "அந்தப் பொண்ணை நாளைக்கே சேத்துடலாம்."

அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல் விடவில்லை.

கையெழுத்து மட்டும் போடவில்லை, மன்னிக்க வேண்டும். ராத்திரி முழுக்க யோசித்தேன். இது வேறு பிள்ளைகள் எழுதியது என்று இயந்திரம் சொல்லிவிட்டது. இருபத்தாறு வருடம் தேர்வு அறையில் நின்றவன் நான். அடுத்தவர் எழுதியதன் அடியில் என் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை.