மூத்த பிள்ளையைக் கொஞ்சாதவள்

— அவவையே வந்து கேக்கச் சொல்லு. "என்ட புள்ளயத் தாங்க"ண்டு ஒரு சொல்லுச் சொன்னா, இப்பவே தூக்கிக் குடுக்கிறன்.

— கேக்க மாட்டா ராத்தா. அதுக்குத்தானே நான் வந்திருக்கிறன்.

— ஏன், உன்ட பொஞ்சாதிக்கு வாயில்லையா? அண்டைக்குக் கோவத்தில, "உனக்குப் பாரமெண்டா எனக்குத் தா"ண்டு பேச்சுக்குத்தான் சொன்னனான். பின்னேரமே உடுப்பெல்லாம் மடிச்சுக் கொண்டந்து, புள்ளய என்ட மடியில வச்சிட்டுப் போயிட்டா. திரும்பியும் பாக்கல்ல. இஞ்ச பாரு முனவ்வர், பெத்தவ செய்யிற வேலையா இது?

— நீங்க பேச்சுக்குச் சொன்னீங்க. அவட ஊர் கானோவில அது பேச்சில்ல. வாப்பாவோட கூடப்பிறந்த ராத்தா மூத்த புள்ளயக் கேட்டா, அவங்கட ஹவுசாச் சனம் இல்லையெண்டு சொல்லாது.

— நல்ல கதை. பிறந்ததில இருந்து ஹவ்வா அந்தப் புள்ளயக் கொஞ்சி நான் காணல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்ல. முகத்தைப் பாக்க மனமில்லாமத்தானே முதுகில துணியால கட்டிக்கொண்டு திரிஞ்சவ. எங்கட ஊர் தாராபுரமே கதைச்சது.

— முதுகில கட்டுறது அவங்கட வழமை. மூத்த புள்ளய நாலு பேருக்கு முன்னால கொஞ்சினா, பேர் சொன்னா, அங்க பெரிய வெக்கக்கேடு. எங்கட உம்மாவுக்கு முழங்கால் போட்டு இருந்துதான் சலாம் சொல்லுவா. அதை மரியாதையெண்டு மெச்சினீங்க. அதுவும் இதுவும் ஒரே வெக்கந்தான் ராத்தா. கதவைச் சாத்தினாப் பிறகு, அந்தப் புள்ளட உள்ளங்காலைக் கொஞ்சுவா. நான் கண்டனான்.

— இதை ஏன் முதல்லயே சொல்லல்ல?

— எங்க கேட்டீங்க? "ஜித்தாவுக்கு உழைக்கப் போனவன் கல்லு நெஞ்சுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்திட்டான்"எண்டு வீடு வீடாச் சொன்னீங்க. இப்ப தின்னுறாவும் இல்ல, படுக்கிறாவும் இல்ல. விளக்குமாறோட முத்தத்திலயே நிக்கிறா. இந்தக் கச்சான் காத்துக்குக் கூட்டக் கூட்ட மணல் வந்து விழுது. திரும்பவும் கூட்டுறா.

— கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து ஒரு புள்ளைக்காக நான் எவ்வளவு துஆக் கேட்டனானெண்டு உனக்குத் தெரியும். இவள் இப்ப என்ட சட்டையைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுறாள். அந்தக் கையை எப்பிடிடா பிரிச்சு எடுக்கிறது?

— தெரியும். தெரிஞ்சுதான் வழியில ரெண்டு தரம் திரும்பிப் போகப் பாத்தனான்.

— ஆரது படலையில? ஹவ்வாவா? உள்ளுக்கு வா. இந்தா, முழிச்சுத்தான் இருக்கிறாள், பாரு.

— பாக்க வரல்ல மச்சி. ஒண்டு சொல்ல வந்தனான்.

— சொல்லு. உன்ட வாயால சொல்லு.

— என்ட வயித்தில இன்னொண்டு இருக்கு. அது மூத்ததில்ல; அதை நான் கொஞ்சலாம், பேர் சொல்லிக் கூப்பிடலாம், எல்லாரும் பாக்கலாம். பிறந்த உடன, இதுக்குப் பதிலா, அதை எடுங்க மச்சி.