ஜெயிச்ச கேசுக்கு நான் கட்டுற செலவு

...ஜெயிச்சவன் நான்தான் சார். காசு கட்டப்போறவனும் நான்தான். இந்தக் கூத்த எங்கயாவது கேட்டிருக்கீங்களா? கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க... ஆங். சிதம்பரமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு.

கடலூர் முதுநகர்ல மாவுக்கட வெச்சிருக்கேன். பெரிய கிரைண்டர் ஒண்ணு சிதம்பரத்துல மச்சான் கடயில வாங்குனேன். மச்சான்னா, என் வூட்டுக்காரி சௌந்தரத்தோட அண்ணன், தில்லைநாதன். லாரி சர்வீஸ்ல ஏத்தி வுட்டான். இங்க வந்து பிரிச்சா, கல்லு ரெண்டாக் கெடக்குது. லாரிக்காரன் நான் ஒடைக்கலங்கிறான். மச்சான் நல்ல கல்லத்தான் அனுப்புனேங்கிறான். அப்ப ஒடச்சது யாரு, நானா? கோர்ட்டுல பாத்துக்கறேன்னு போன வெச்சவன்தான் நான், அப்புறம் மச்சான் எத்தன தடவ கூப்புட்டும் எடுக்கவே இல்ல.

வக்கீலு திருநாவுக்கரசு நல்ல மனுஷன். கேண்டீன்ல எனக்கும் சேத்து வட சொல்லுவாரு, காசு மட்டும் என்னக் குடுக்க வெப்பாரு. அவருதான் சொன்னாரு, ரெண்டு பேரு மேலயும் போடு, இவன் இல்லன்னா அவன். யாரு ஒடச்சாங்கன்னு நமக்குத் தெரியாதில்ல, அதனால தப்பிச்சவனோட கோர்ட்டு செலவையும் மாட்டுனவன் தலையிலயே கட்டிடலாம்னு. எனக்கு இனிச்சுது சார். மூணு வருஷம் இனிச்சுது.

இந்த டிரைவரு பிரேக்க மிதிக்கறானா, பழி தீக்கறானான்னே தெரியல... எங்க வுட்டேன்?

தீர்ப்பு. லாரிக்காரன் கிரைண்டர் காசும் என் செலவும் குடுக்கணும். மச்சான் மேல தப்பில்ல. சரி, மச்சான் அவன் வக்கீலுக்கு அழுத செலவு? லாரிக்காரன்தானே கட்டணும்? ஜட்ஜு கண்ணாடியக் கழட்டிட்டு என்னையே பாத்தாரு. "அத நீங்கதான் கட்டணும்"னுட்டாரு.

ஏன்னா... அது ஒரு கவரு சார். கேசு போடறதுக்கு முன்னாடி மச்சான் எனக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பியிருந்தான். போஸ்ட்மேன் கையெழுத்துப் போடச் சொல்றாரு. அடுத்த மாசம் அவன் பொண்ணுக்குக் கல்யாணம். தொட்டுப் பாத்தா தடியா, அட்ட மாதிரி இருக்குது. கல்யாணப் பத்திரிக! வூட்டு மாப்பிள்ளைக்குத் தாம்பாளத்துல வெத்தல பாக்கோட நேருல வந்து வெக்கணுமா, தபால்ல போடுவானா? வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டேன். சௌந்தரம் தலபாடா அடிச்சுக்கிட்டா, பிரிச்சுத்தான் பாரேன்னு. நான் கேக்கல. மறுநாளே ஓடிப்போய் அவனையும் சேத்துக் கேசு போட்டேன்.

ஒரு வாரத்துல அவனே தாம்பாளத்துல கல்யாணப் பத்திரிகையோட வாசல்ல வந்து நிக்கறான். அப்பவாவது அவன் மேல போட்ட கேச வாபஸ் வாங்கியிருக்கலாம். மானம் வுடல.

அந்தக் கவர அவன் பிரிக்காம வெச்சிருந்து கோர்ட்டுல குடுத்தான். ஜட்ஜு முன்னாடியே பிரிச்சாங்க. உள்ள லாரிக்காரன் கையெழுத்துப் போட்ட ரசீது, கல்லு பழுதில்லாம ஏத்துனதா. கூட ஒரு துண்டு அட்டையில மச்சான் எழுதியிருக்கான்: "மாப்ள, லாரிக்காரன் மேல மட்டும் கேசு போடுங்க. நானே சாட்சிக்கு வர்றேன்." ஜட்ஜு சொல்றாரு, இத வாங்கியிருந்தா யாரு ஒடச்சான்னு மொத நாளே தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சுக்க மாட்டேன்னது நீங்க, அதுக்கு லாரிக்காரன் எதுக்குக் கட்டணும்னு. லாரிக்காரன் சிரிக்கறான் சார்.

மச்சான் அந்தக் காசே வேணாம்னுட்டான். சௌந்தரம்தான் வுட மாட்டேங்கறா. தீர்ப்பு வந்த அன்னிக்கே அண்ணன் வூட்டுக்குப் போனவ, பதினோரு நாளாச்சு. நான் போயி அவன் கையில காசக் குடுத்து, தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் வருவாளாம். அவ இல்லாம கடையும் நல்லால்ல, வூடும் நல்லால்ல சார். காசு பையில ரெடியா இருக்குது. அந்த ஒரு வார்த்ததான்...

சிதம்பரம் வந்துடுச்சா? நீங்க எறங்குங்க. இல்ல, நான்... நேத்தும் இது வரைக்கும் வந்தேன் சார். முந்தாநேத்தும் வந்தேன்.

கண்டக்டர், இதே பஸ்ஸுதான திரும்பக் கடலூர் போவுது?