படம் நின்ற இடம்

— அண்ணி, கையை எடுங்க. அந்தப் பெட்டியைத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

— தொடலடி. தூசி தட்டினேன்.

— தூசி தட்டுற ஆளைப் பாரு! போன மாசம் நீங்க தூசி தட்டித்தான் வீட்ல ரெண்டு நாள் நெட்டே இல்லாமப் போச்சு.

— அது வயர் லூசு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? ஆமா, இன்னிக்கு என்ன... பெட்டிகிட்டயே காவல் உட்கார்ந்திருக்க?

— நாலு மணிக்கு இன்டர்வியூ. மறந்துட்டீங்களா? மூணாவது தடவை. ரெண்டு தடவையும் நடுவுல என் படம் அப்படியே நின்னு போச்சு. இன்னிக்கும் நின்னா அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்காரங்க வேற ஆளைப் பார்த்துடுவாங்க.

— பார்க்க மாட்டாங்க. பிஸ்கட் டப்பா மேல உன்ன மாதிரி படம் போட யாரு இருக்கா?

— ஐஸ் வைக்காதீங்க. லைனைப் பிரிக்கப் போறேன். உங்க கம்ப்யூட்டருக்குப் பாதி, என் கம்ப்யூட்டருக்குப் பாதி. பெட்டியிலேயே செட் பண்ணிடறேன். அப்புறம் ஒருத்தரோடதை ஒருத்தர் திங்க முடியாது.

— இருக்கறதே கையளவு. அதுல பாதியா? பேசாம இன்னொரு லைன் போட்டுட்டா என்ன?

— கேட்டாச்சே! இந்தத் தெருவுக்கு இதுக்கு மேல வராதாம். நல்ல லைன் தெருமுனைக் கம்பத்தோட நின்னுடுச்சாம். அதனால பாதிப் பாதி. நியாயம்னா நியாயம்.

— என்ன பெரிய நியாயம்? நீ பென்சிலைக் கடிச்சுக்கிட்டு யோசிக்கும்போதெல்லாம் உன் பாதி சும்மா தூங்கும். நான் என் பாதியை வச்சுக்கிட்டு ஒரு புஸ்தகத்தை அனுப்ப விடிய விடிய உட்காரணுமா?

— நீங்க அனுப்புற புஸ்தகம்தான் அண்ணி வில்லங்கமே. வாசிச்சு ரெக்கார்டு பண்றீங்க, சரி. அதை எதுக்கு அவ்ளோ பெரிய ஃபைலா அனுப்பணும்?

— சுருக்கினா குரல் தகரம் மாதிரி கேக்குமாம். பதிப்பகத்துக்காரர் ஒத்துக்க மாட்டார். துணி அலமாரிக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு, கம்பளிக்கு நடுவுல வேர்த்து விறுவிறுத்துப் படிக்கிறேன். அவ்ளோ பாடுபட்டுட்டு... தகரமா அனுப்பவா?

— பாவம்தான். ஆனா நீங்க ஃபைலை ஏத்த ஆரம்பிச்சா எனக்கு வர்றதும் சேர்ந்து நிக்குதே! வாசக்கதவு வழியா ஒருத்தர் கட்டிலைத் தூக்கிட்டு வெளிய போனா, உள்ள வர்றவங்க எப்படி வருவாங்க?

— அதுக்குத்தானே துண்டு?

— துண்டு!

— என்ன சிரிப்பு? சிவப்புத் துண்டு என் கதவுல தொங்கினா, அண்ணி அனுப்புறாங்க, நெட்டைத் தொடாதேன்னு அர்த்தம். இந்தச் சட்டத்தைப் போட்டதே நீதான்.

— போட்டேன். துண்டை மாட்டிட்டு நீங்க கடைக்குப் போனீங்க. அங்கேருந்து உங்க அக்கா வீட்டுக்குப் போனீங்க. அங்கேயே தூங்கிட்டு வந்தீங்க. நான் அந்தத் துண்டையே பார்த்துக்கிட்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன்.

— கதவைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டியதுதானே?

— சட்டம்னா சட்டம்.

— நாத்தனார்னா எதுக்காவது சண்டைக்கு வருவான்னு சொன்னாங்க. இன்டர்நெட்டுக்கு வருவான்னு யாரும் சொல்லல. உங்க அண்ணன் கப்பல்ல இருந்து பேசினா கணீர்னு கேக்குது. பக்கத்து ரூம்ல இருக்கற உன்கூட எனக்குப் பங்காளித் தகராறு.

— பேச்சை மாத்தாதீங்க. நீங்க ஃபைல் ஏத்தினதாலதான் இன்டர்வியூல என் படம் நின்னுச்சு.

— நானா?

— பின்னே, பக்கத்து வீட்டுப் பூனையா?

— அநியாயமாப் பேசாதடி வாலு. முதல் இன்டர்வியூ அன்னிக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

— என்ன பண்ணீங்க?

— என் கம்ப்யூட்டர் வயரையே பிடுங்கிட்டேன். ஃபோன்லயும் நெட்டை அணைச்சுட்டேன். நீ பேசி முடிக்கற வரைக்கும் சமையல் ரூம்ல உட்கார்ந்து பட்டாணி உரிச்சேன். முழு லைனும் உனக்குத்தான் வந்துச்சு.

— ...வயரைப் பிடுங்கினீங்களா?

— சத்தியமா.

— என்கிட்ட சொல்லவே இல்ல?

— சொன்னா, பாதி உங்களுதுன்னு திருப்பிக் கொடுப்ப. உன் நியாயம்தான் ஊருக்கே தெரியுமே.

— ரெண்டாவது தடவையும் பிடுங்கினீங்களா?

— ம்... ஏண்டி, என்ன முழிக்கிற?

— இல்ல... ஒண்ணுமில்ல. பெட்டியில ஏதோ கோளாறு இருக்கும்.

— இரு, இரு. முழு லைனும் உனக்கு. அப்புறம் அந்த முதல் நாள் உன் படம் எப்படி நின்னுச்சு?

— மழை.

— அன்னிக்கு வெயில் மண்டையைப் பிளந்துச்சு.

— அவங்க ஊர்ல மழையா இருந்திருக்கும்.

— அடியே... என் கண்ணைப் பாரு.

— பார்த்தா சிரிச்சுடுவேன்.

— சிரி. சிரிச்சுட்டுச் சொல்லு.

— ...படம் நிக்கல அண்ணி. நான்தான் நின்னேன்.

— என்னது?

— நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நான் வரைஞ்சதை ஒவ்வொண்ணாப் பார்த்து அந்த மேலாளர் அம்மா தலையைத் தலையை ஆட்டினாங்க. அப்புறம், எப்போ இங்க வந்து சேர முடியும்னு கேட்டாங்க. வாயைத் திறந்தேன். பேச்சு வரல. திறந்த வாயை மூடவும் தோணல. அப்படியே இருந்துட்டேன்.

— அப்படியேன்னா?

— அசையாம. கண்ணைக்கூடச் சிமிட்டாம. அவங்க, ஹலோ ஹலோ, உங்க படம் நின்னு போச்சுன்னாங்க. அடடா, இது நல்லா இருக்கேன்னு அதையே பிடிச்சுக்கிட்டேன்.

— அடிப்பாவி! வாயைப் பிளந்துக்கிட்டா?

— பிளந்துக்கிட்டுத்தான். கண்ணுல தண்ணி முட்டுது. மூக்கு அரிக்குது. சொறிய முடியுமா?

— நம்பிட்டாங்களா?

— நம்பினாங்க... கொஞ்ச நேரம். அப்புறம் அந்த அம்மா மெதுவாச் சொல்றாங்க... உங்க படம் நின்னுடுச்சு, ஆனா பின்னாடி ஃபேன் மட்டும் சுத்துதேன்னு.

— ஐயோ... ஐயோ, வயிறு வலிக்குதுடி... அந்த ஃபேனையாவது அணைச்சிருக்கக் கூடாதா!

— யோசிச்சுப் பண்ணியிருந்தா அணைச்சிருக்க மாட்டேனா? படார்னு கம்ப்யூட்டரை மூடிட்டேன்.

— மானமே போச்சு. அப்படியும் உன்னை மறுபடி கூப்பிட்டாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்.

— நல்ல மனுஷங்க அண்ணி. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

— சரி, சிரிச்சாச்சு. இப்போ சொல்லு. ஏன் பேச்சு வரல?

— அந்த ஊர்ல டீ நல்லா இருக்காதாம்.

— வாலு!

— ...நான் போயிட்டா நீங்க தனியா இருப்பீங்க. அண்ணன் கப்பல் ஏறினா வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மூஞ்சியைக் காட்டுது. நீங்க நாள் பூரா அலமாரிக்குள்ள உட்கார்ந்து யாரோ எழுதின கதையைச் சத்தமாப் படிப்பீங்க. கதவைத் திறந்து வெளிய வந்தா, தொண்டை காயுதே, தண்ணி குடிங்கன்னு சொல்லக்கூட ஆள் இருக்காது.

— இதுதான் காரணமா?

— இதுதான்.

— பொய்.

— பாதி பொய்.

— மீதிப் பாதி?

— பயமா இருக்கு. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இந்த வீட்டை விட்டு நான் எங்க போயிருக்கேன்? பஸ் ஏறி மூணு ஊர் தாண்டினது கிடையாது. இது விமானம் ஏறிப் போற தூரம்.

— அப்படிச் சொல்லு. பயம்னு சொல்லு, கேட்டுக்கறேன். என் தலையில பழியைப் போட்டுட்டு வீட்ல உட்கார்ந்துட்டா, நாளைக்கு என் மூஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம் உனக்குப் பத்திக்கிட்டு வரும்.

— வராது.

— வரும்டி. உப்பு கம்மின்னு ஒரு நாள் சண்டை வரும். அன்னிக்கு உன் வாயிலேருந்து வந்துடும்... உங்களாலதான் போகலன்னு. என்னால தாங்க முடியாது. நீ கிளம்பு.

— உங்களுக்கு மட்டும் சந்தோஷமா இருக்குமா?

— ஏன் இருக்காது? முழு லைனும் எனக்கு. பங்கு இல்ல, துண்டு இல்ல, சட்டம் இல்ல. ஒரு புஸ்தகம் சர்ருனு போகும். உன் ரூம்ல வெளிச்சமா இருக்கு, கம்ப்யூட்டரை அங்க தூக்கிப் போட்டுக்குவேன்.

— அதுக்குள்ள ரூமையும் பிடிச்சாச்சா?

— பின்னே? உன் மெத்தையும் எனக்குத்தான்.

— அண்ணி... உங்க குரல் ஒரு மாதிரி ஆகுது.

— அலமாரித் தூசி.

— இங்க ஏது அலமாரி?

— வாயை மூடு. இல்ல... வாயைத் திற. வர்றேன்னு சொல்லிப் பாரு.

— வர்றேன்.

— இதென்ன, திருடிட்டு மாட்டிக்கிட்டவ மாதிரி? சத்தமா.

— அடுத்த மாசம் வந்துடறேன் மேடம்!

— இப்போ கண்ணைச் சிமிட்டு.

— சிமிட்டறேன், சிமிட்டறேன். போதுமா?

— போதும். தலையைக் கொஞ்சம் வாரிக்கோ. அந்த ஃபேன் சுத்தட்டும், அவங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரட்டும். இந்தா, என் வயர். உன் கண் முன்னாடியே பிடுங்கிட்டேன். முனையை நீயே கையில வச்சுக்கோ. என் ஃபோனும் இந்தா.

— அப்போ பாதிப் பாதி?

— பாதியாவது மண்ணாவது. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ.

— ...அண்ணி.

— என்ன இன்னும்? மணி ஆகுது.

— ஒரே ஒரு சந்தேகம். முதல் தடவை நடிச்சது நான்தான். ஒத்துக்கிட்டேன். ஆனா ரெண்டாவது தடவை நான் நடிக்கல.

— சீப்பு எங்க வச்ச?

— அன்னிக்கு மனசைத் தேத்திக்கிட்டுத்தான் போய் உட்கார்ந்தேன். அதே கேள்வியைக் கேட்டாங்க. வர்றேன்னு சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் அவங்க படம் நின்னு போச்சு. நிஜமாவே லைன் செத்துப் போச்சு. வயரைப் பிடுங்கியிருந்தா எப்படிச் சாகும்?

— கூப்பிடறாங்க பாரு, போ.

— யாரும் கூப்பிடல. இன்னும் நேரம் இருக்கு. அண்ணி... இப்போ நீங்க என் கண்ணைப் பாருங்க.

— ...அன்னிக்கு அனுப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்லடி. போன வருஷம் படிச்ச புஸ்தகம் மூணையும் தேடி எடுத்து, மறுபடியும் ஒண்ணா ஏத்திவிட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னாடியே வந்த புஸ்தகத்தை எதுக்கும்மா திரும்ப அனுப்பினேன்னு பதிப்பகத்துக்காரர் இன்னும் கேட்டுட்டே இருக்கார். அவர்கிட்ட நான் என்னன்னு சொல்ல... என் நாத்தனார் ஊரை விட்டுப் போறா, எனக்கு மனசு கேக்கலன்னா?