மூன்றாம் முறை சுத்தம்

செப்டம்பர் 14, புதன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அக்காவின் கணினியைச் சுத்தம் செய்யத் தொடங்குமுன் இணையக் கம்பியைப் பிடுங்க மறந்துவிட்டேன். கணினி பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் சார் முதல் நாளே சொன்னது அது. எனக்கு இன்னும் கை பழகவில்லை.

இந்த வைரஸ் வருவது இது மூன்றாம் முறை. மின்னஞ்சலைத் திறந்தால் ஏதோ விளம்பரப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அக்காவிடம் இருப்பது பட்டன் போன்; கடிதம் பார்க்க இந்தக் கணினியை விட்டால் வேறு வழியில்லை.

"என்னங்க டாக்டரம்மா, பேஷன்ட் பிழைக்குமா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ரொம்பப் பிடிவாதம் பிடிக்குதுக்கா."

"உன்னை மாதிரியே. நீ மட்டும் இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

இதை அவள் அடிக்கடி சொல்கிறாள். இந்த மாதத்தில் இது ஒன்பதாவது தடவை, எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முறை வைரஸ் தானாகத்தான் வந்தது. ஒரு முழு நாள் போராடி வேரோடு எடுத்தேன். படித்துப் பார்க்கலாமே என்று ஒரு பிரதியைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டேன். மறுநாள் அக்கா, வேறு ஊரில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும் பதில் மின்னஞ்சலில் வரும் என்றும் சொன்னாள். அம்மா போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அன்று மாலையே அந்த வைரஸைத் திரும்பக் கணினியில் போட்டேன். அவள் அவசரப்படுகிறாள், யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்றுதான்.

வெளி ஆளைக் கூப்பிடலாமா என்று அவள் கேட்கும்போது எடுத்துவிடுவேன். கடிதம் இல்லை என்று அவளே பார்த்துக்கொள்வாள். பிறகு மறுபடி போடுவேன்.

இன்று கம்பி செருகியே இருந்ததால், வைரஸை எடுத்ததும் அஞ்சல் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. கடிதம் வந்திருந்தது. அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். முகவரியைக் குறித்துக்கொண்டு கடிதத்தை அழித்தேன்.

ஈரக் கையைத் துடைத்தபடி அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"ஏதாச்சும் வந்திருக்கா?"

"ஒண்ணும் வரலக்கா."

"சரி விடு. அவங்களுக்கு நான் வேண்டாம் போல."

சிரித்தாள். திரும்பிப் போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிம்மதியில்தான் என்று நினைக்கிறேன்.

நாளைய வேலை: அக்கா குளிக்கப் போனதும், அவள் பெயரில், இந்த வேலையில் விருப்பமில்லை என்று பதில் அனுப்ப வேண்டும். மரியாதையாக எழுத வேண்டும். அக்கா யார் மனதையும் நோகடிக்க மாட்டாள்.