அணிக்காக இரண்டு வார்த்தை

சமையலறையிலேயே உட்காருவோம். முன்னறைக்கு மூன்று படி ஏற வேண்டும். பதினாறு வருடம் குத்தவைத்து உட்கார்ந்து பந்து பிடித்தவனின் முழங்காலுக்கு மூன்று படி பெரிய வேலை. அந்த நாற்காலியில் கிடக்கும் பத்திரிகையைக் கீழே போட்டுவிடுங்கள். வக்கீல் வருகிறார் என்றதும் என் மனைவி பயந்துபோய் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு அப்படிப் பயம் ஒன்றும் இல்லை.

டெரல் கின்னி இறந்ததைப் பத்திரிகையில் பார்த்தேன். தீவனக் கடையில் மூட்டை அடுக்கும்போது வலிப்பு வந்து விழுந்தானாம். நாற்பத்தெட்டு வயது. அவன் மனைவி ஜோலீன் உங்களை அனுப்பியதில் தப்பில்லை. கிளைட் ராபி சாவதற்கு முன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறான் என்றீர்கள். அதில் இருப்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கிளைடுக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். பேஸ்பாலில் பண்ட் என்று ஒன்று உண்டு. மட்டையை ஓங்காமல், சும்மா பந்தின் குறுக்கே நீட்டி, காலடியில் உருட்டிவிடுவது. எதிரணி அதை எடுத்து உன்னை அவுட்டாக்கும். அதற்குள் ஏற்கெனவே பேஸில், அதாவது மைதானத்தின் நான்கு மூலைகளில் ஒன்றில், நிற்கும் உன் ஆள் ஒரு பேஸ் முன்னே போய்விடுவான். நீ செத்து அவனை நகர்த்துகிறாய். அதனால்தான் அதற்குத் தியாகம் என்றே பெயர். கைதட்டல் கிடையாது. உன் சராசரியில் ஒரு புள்ளிகூட ஏறாது. மேனேஜர் காதைத் தொட்டு, பிறகு பெல்ட்டைத் தொட்டால், எங்கள் கார்வின் மில்லர்ஸ் அணியில் அது பண்டுக்கான உத்தரவு. அந்த உத்தரவை நான் இருநூற்றுப் பதினொரு முறை நிறைவேற்றியிருக்கிறேன். ஒருமுறைகூடப் பார்க்காததுபோல் நடித்ததில்லை.

கார்வின் பெரிய லீகுக்கு ஒரு படி கீழே உள்ள ஊர். சோளக்காடு, பஸ் பயணம், பூச்சி. அந்த ஒரு படிக்குக் கீழே நான் பதினான்கு வருடம் நின்றேன். மேலே இருப்பவர்கள் என்னை வைத்துப் பையன்களைப் பழக்கி மேலே கொண்டுபோனார்கள். நான் பழக்கிய பிட்சர்களில், அதாவது பந்து எறிபவர்களில், ஏழு பேர் பெரிய மைதானத்தில் எறிந்தார்கள். அவர்கள் அங்கிருந்து எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார்கள்.

எண்பத்தாறில் கின்னி வந்தான். இருபத்தொரு வயது, ஜார்ஜியாக்காரன். மட்டை அவன் கையில் இருந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. கெட்ட பையனும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் பையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொள்வான். "விடு தாத்தா, உன் முட்டி கத்துறது எனக்கே கேக்குது" என்பான். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அணி முழுக்க என்னைத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தது அவனால்தான்.

ஜூலையில் முதல் சம்பவம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், இரண்டு பேர் பேஸில். மேனேஜர் ஒட்டோ ப்ரெக் காதைத் தொட்டார், பெல்ட்டைத் தொட்டார். கின்னி அவரை நேராகப் பார்த்தான். பிறகு முழு மட்டையையும் வீசினான். இரண்டு பேர் அவுட், ஆட்டம் போச்சு. உடை மாற்றும் அறையில் நான் கேட்டேன்.

"உத்தரவு தெரியலையா?"

"தெரிஞ்சுது தாத்தா."

"அப்புறம்?"

"பண்ட் போட்டவன் பேரு எவனுக்காவது ஞாபகம் இருக்கா? ஒண்ணு சொல்லு, நாளையிலிருந்து போடறேன்." எல்லோரும் சிரித்தார்கள். வாயிலிருந்த சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு, என் முதுகில் தட்டினான். "கோவிச்சுக்காத. நீ இருக்கியே, எங்க எல்லாருக்கும் சேத்து நீ போட்டுடுவ."

எனக்கு அன்று வந்த ஆத்திரத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு. தட்டைக் கழுவி வைத்தேன். ஆத்திரம் அப்படியே இருந்தது.

அவன் தோற்கடித்ததற்காக நான் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். தோற்றதை மன்னித்திருப்பேன். பத்து நாள் கழித்து, அதே உத்தரவு, அதே பார்வை, மறுபடி ஓங்கி வீசினான். இந்த முறை பந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டது. ஜெயித்தோம். அணி மொத்தமும் அவன் மேல் விழுந்து கட்டிக்கொண்டது. ப்ரெக் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவையாவது பாத்து ஆடுடா" என்றார், அதுவும் சிரித்துக்கொண்டே. என் இருநூற்றுச் சொச்சத்துக்கு அந்த மனிதர் ஒருநாள் எனக்குக் கை கொடுத்தது கிடையாது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த நோய் பரவும். ஒருவன் தனக்காக ஆடிப் புகழும் பெற்றால், மற்ற இருபத்து மூன்று பேரும் நாளை அதையே செய்வார்கள். பிறகு அணி என்று ஒன்று இருக்காது. அதைத் தடுப்பது ஒரு மூத்த ஆட்டக்காரனின் கடமை. இதில் உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?

சரி. சைகை விஷயத்துக்கு வருகிறேன்.

கேட்சர் என்றால் என்னைப் போல மட்டைக்காரனுக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்து பிடிப்பவன். அவன் தன் தொடைகளுக்கு நடுவே விரல் காட்டி, எந்த மாதிரிப் பந்து போட வேண்டும் என்று பிட்சருக்குச் சொல்வான். இரண்டாவது பேஸில் நிற்பவனுக்கு அந்த விரல்கள் தெரியும். அவன் அதைப் படித்து மட்டைக்காரனுக்கு ஜாடை காட்டினால் எங்கள் உலகத்தில் அது திருட்டு. நடுவரிடம் புகார் செய்ய மாட்டோம். திருடியவன் அடுத்து மட்டை பிடிக்க வரும்போது அவன் விலாவில் ஒரு பந்து விழும். அவன் தேய்த்துக்கொண்டே முதல் பேஸுக்கு நடப்பான், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், விஷயம் அதோடு முடிந்தது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

கின்னி சைகை திருடியவன் இல்லை. அவனுக்கு அதற்குப் பொறுமை கிடையாது. ஆனால் பேஸில் நிற்கும்போது ஹெல்மெட்டைத் தொட்டுக்கொண்டே இருப்பான். அது வெறும் பழக்கம்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, மதிய ஆட்டம், எதிரணி டெல்மன்ட். கிளைட் ராபி அவர்களுடைய முதல் பேஸைக் காப்பவன், என் வயது, என்னைப் போலவே மேலே போகாதவன். இரண்டாவது இன்னிங்ஸில் அவன் மட்டை பிடிக்க வந்தான். நான் அவன் முழங்காலுக்குப் பின்னால் குத்தவைத்திருந்தேன். முகமூடிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னேன்.

"கிளைட், உங்க சைகையைப் பத்திரமா வச்சுக்குங்க. எங்க கின்னி படிக்கிறான். ஹெல்மெட்டைத் தொட்டான்னா வளைஞ்சு வர்ற பந்து."

அவன் திரும்பவில்லை. காலால் மண்ணைக் கிளறினான். "உன் ஆளை நீயே ஏன் காட்டிக் குடுக்கற வெர்ன்?"

"அசிங்கமா இருக்குப்பா. என் அணியில இப்படி ஒரு பய."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

பதினான்கு வருடம் நேர்மையாக ஆடியதன் பலன் அது. வேறு யார் சொல்லியிருந்தாலும் கிளைட் நம்பியிருக்க மாட்டான்.

நான்காவது இன்னிங்ஸில் கின்னி இரண்டாவது பேஸில் நின்றான். அடுத்து நான். அவன் ஹெல்மெட்டைத் தொட்டான், தொடாமல் அவனால் இருக்க முடியாது. டெல்மன்ட் கேட்சர் அந்த இடத்தில் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். வளைந்து வந்தது. இடப்பக்கச் சுவர் வரை அடித்தேன். இரண்டாவது பேஸில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கிளைடைப் பார்த்தேன். அவன் கின்னியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளைடின் கடிதம் இதோடு முடிகிறது, இல்லையா? நான் ஒரு பொய் சொன்னேன், அவன் நம்பினான், அவன் தன் பிட்சரிடம் விலாவில் போடு என்றான், பந்து தவறிவிட்டது. கடைசிவரை தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறான் பாவம்.

அந்தப் பிட்சர் ட்வெயின் ஹோக். ஏழாவது இன்னிங்ஸில் வந்தான். அவன் அதற்கு முந்தைய வருடம் எங்களிடம் இருந்தான். அவன் பந்தை ஒரு வருடம் பிடித்தது நான். அந்த லீகிலேயே அவனைவிட வேகமாக எறிந்தவன் கிடையாது. இந்தக் கட்டைவிரல் நேராகாமல் இருப்பது அவன் தயவு. ஹோக்கிடம் ஒரு குறை இருந்தது, எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த குறை. உடம்புக்கு அருகே எறியச் சொன்னால் அவனுக்குப் பதற்றம் வந்துவிடும், பிடி சீக்கிரம் நழுவும், பந்து ஒன்றரை அடி மேலே ஏறும். விலா என்று குறிவைத்தால் முகத்துக்குப் போகும். பயிற்சியில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவனிடம் ஒருநாளும் உள்பக்கப் பந்து கேட்டதில்லை.

டெல்மன்டுடன் அந்த வருடம் நாங்கள் பன்னிரண்டு ஆட்டம் ஆடினோம். கிளைடிடம் நான் வேறு எந்த நாளும் அதைச் சொல்லியிருக்கலாம். ஹோக் முந்தைய இரண்டு நாள் ஓய்வில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன்தான் கடைசியில் எறிவான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இல்லை, நிறுத்த வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாவது இன்னிங்ஸில் கின்னி மட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். நான் கேட்கச் சொல்லவில்லை, அவனாகவே வந்தான். "தாத்தா, இந்தத் தடியன் உன்கிட்ட இருந்தவன்தானே? என்ன போடுவான்?"

"வெளிப்பக்கமாத்தான் போடுவான். உள்ள போட அவனுக்குப் பயம்" என்றேன். "காலடியில இருக்கற பேஸ் மேல நல்லா சாஞ்சு நில்லு. அப்பத்தான் எட்டும்."

"அப்படியே நிக்கறேன். அடிச்சேன்னா உனக்கு ஒரு பீர்" என்றான்.

அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவன் நான் என்பதால் இருபதடி தள்ளி முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பேஸில் கிளைட் தன் விலாவை இரண்டு முறை தட்டிக் காட்டுவதைப் பார்த்தேன். ஹோக்கின் முகம் வெளுத்தது. கின்னி நான் சொன்ன அளவுக்குச் சாய்ந்திருந்தான், அதற்கு மேலும் ஒரு விரற்கடை. ஹெல்மெட்டின் விளிம்புக்குக் கீழே, இடது கண்ணில் பட்டது. அந்தச் சத்தத்தை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அவனிடம் முதலில் ஓடியவன் நான்தான். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பார்வையாளர் மாடத்திலிருந்து ஜோலீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள், அவளுக்கு அப்போது ஆறு மாதம்.

கண் போனது. பேச்சு பாதி திரும்பியது. வலிப்பு கடைசிவரை இருந்தது. ஹோக் அதற்குப் பிறகு உருப்படியாக ஒரு பந்து எறியவில்லை, குடித்தே அழிந்தான். அவனுக்கு நான் கடிதம் எழுதினேன், உன் மேல் தப்பில்லை தம்பி என்று. அது உண்மையும்கூட.

செப்டம்பர் ஒன்றாம் தேதி பெரிய அணி கார்வினிலிருந்து ஒருவரை மேலே அழைத்தது. அந்த ஞாயிற்றுக்கு ஐந்து நாள் முன்பே ப்ரெக் என்னையும் கின்னியையும் அறைக்குக் கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன்" என்று சொல்லியிருந்தார். நான் போனேன். மூன்று வாரம், ஒன்பது முறை மட்டை பிடித்தேன். நீங்கள் இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவீர்கள் என்று தெரியும், வக்கீல்கள் அப்படித்தான். அது வேறு, இது வேறு. யாரை அனுப்புவது என்பது ப்ரெக்கின் முடிவு, நான் கேட்டுப் போகவில்லை. நான் செய்தது அணிக்காக. தனக்காக மட்டுமே ஆடியவனை அணியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது, யாரும் எடுக்கவில்லை, நான் எடுத்தேன். பொய் சொன்னது நான், நாளைத் தேர்ந்தெடுத்தது நான், சாய்ந்து நிற்கச் சொன்னது நான். முகத்தில் படும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஜோலீனிடம் அப்படியே சொல்லுங்கள், கையெழுத்தும் போடுகிறேன்.

என்ன கேட்டீர்கள்? அந்த ஞாயிறு அணி ஜெயித்ததா என்றா?

அது நினைவில்லை. பழைய பத்திரிகையில் பார்த்தால்தான் தெரியும். நான் நான்கு முறை மட்டை பிடித்ததில் மூன்று முறை அடித்தேன். மூன்றாவது, ஆம்புலன்ஸ் போன பிறகு, புதிய பிட்சரின் முதல் பந்திலேயே, வலப்பக்கக் கோட்டை ஒட்டி.